'மாசமா இருக்கு, மருந்து வேணாம்': இந்த ஒரு வாக்கியத்தோடு எனக்குச் சண்டை

1/
"மாசமா இருக்கு டாக்டர், அதனால மருந்து எதுவும் வேணாம்னுட்டாங்க."

பழனிசெட்டிபட்டியில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. மாமியார் சொல்வாங்க, மெடிக்கல் கடைக்காரர் சொல்வார். வெட்கத்தோடு ஒத்துக்கிறேன், என்னைப் போல் படித்த டாக்டர்களும் சொல்றாங்க. கேட்க அக்கறை மாதிரி இருக்கும். பல நேரம் இது கைகழுவல். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கடைசி வரை படிங்க.

2/
போன சித்திரை. வீரபாண்டி திருவிழா நேரம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற குடும்பத்துப் பெண், ஏழாவது மாசம், திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாங்க. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

சின்ன வயசிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் தடித்து, கறுத்து, ராத்திரி தூங்க விடாத அரிப்பு. நாங்கள் 'அடோபிக் எக்ஸிமா' என்று சொல்வது இதைத்தான்.

3/
என்னிடம் வரும்போது ஆறாவது நாள். முகம், கழுத்து, ரெண்டு கை மடிப்பிலும் கொப்புளம். எல்லாம் ஒரே அளவு, மிளகு சைஸ். பாதி உடைந்து, பேப்பரில் பஞ்ச் அடித்த மாதிரி வட்ட வட்டமாகப் புண். 102 டிகிரி காய்ச்சல். வலது கண் இமை வீங்கி மூடியிருந்தது.

"அரிக்குதாம்மா?"ன்னு கேட்டேன்.

"இல்ல சார். வலிக்குது."

கரப்பான்காரங்க வாயிலிருந்து 'அரிக்கல, வலிக்குது'ன்னு வந்தால் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்திரிக்கணும்.

4/
இது 'எக்ஸிமா ஹெர்பெட்டிகம்'. வியன்னா தோல் மருத்துவர் கபோசி 1887-லேயே விவரித்த நோய். புதுசு கிடையாது.

உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருமே, அதே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்தான் காரணம். நல்ல தோலில் அது உதட்டோரம் நாலு கொப்புளத்தோடு நின்னுடும். கரப்பான் தோல் சிமெண்ட் உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி. எந்த இடுக்கிலும் வைரஸ் நுழையும், நுழைந்தால் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு நாள் கணக்கில் பரவும்.

விசாரித்தேன். அண்ணன் மகன், மூணு வயசு, போன வாரம் வாயெல்லாம் புண். அத்தை மடியை விட்டு இறங்கவே இல்லையாம். குழந்தை மேல் தப்பில்லை. கொஞ்சின அத்தை மேலும் தப்பில்லை.

5/
தப்பு எங்கேன்னு அந்த ஆறு நாளைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் நாள்: "ஆத்தா வந்திருக்கா." வேப்பிலை, மஞ்சள். புள்ளத்தாச்சிக்கு மாத்திரை கூடாது.
மூணாம் நாள்: எரிச்சல் தாங்கவில்லை. மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு டியூப்.
நாலாம் நாள்: ஒரு மருத்துவமனை. "இது தோல் சமாச்சாரம், ஸ்கின் டாக்டரைப் பாருங்க."
அஞ்சாம் நாள்: ஸ்கின் கிளினிக். "மாசமா இருக்கீங்க, லேடி டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் மருந்து தர்றேன்."
ஆறாம் நாள்: என் முன்னால்.

6/
இந்த ஆறு நாளில் அவங்களுக்கு யாரும் கெட்டது நினைக்கவில்லை. எல்லாரும் குழந்தையை நினைத்துத்தான் பயந்தாங்க. தாய்க்கு 102 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போது குழந்தை எங்கே இருக்குன்னு மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதே உடம்புக்குள்ளேதானே இருக்கு?

7/
கதை ஆறு நாளில் தொடங்கவும் இல்லை. மூணாம் மாசத்திலேயே தொடங்கிடுச்சு.

அதுவரை கரப்பானுக்கு ஒழுங்காக ஈரப்பதக் களிம்பும், மிதமான ஸ்டீராய்டு களிம்பும் போட்டு வந்தவங்க. "மாசமா இருக்கு, எல்லாத்தையும் நிறுத்து"ன்னு யாரோ சொன்னாங்க. நிறுத்திட்டாங்க. நாலு மாசமாகத் தோல் வெடித்து, சொறிந்து, ரத்தம் கசிந்து, சுவர் முழுக்க ஓட்டை. வைரஸ் வந்தபோது கதவே இல்லை.

ஒரே வாக்கியம் ரெண்டு தடவை அடித்தது. முதலில் சுவரை இடித்தது, அப்புறம் காவலுக்கு வந்தவனைத் தடுத்தது.

8/
இதில் ஒரு கொடுமையான வேடிக்கை இருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த மிதமான ஸ்டீராய்டு களிம்பு 'கர்ப்பத்துக்கு ஆகாது'ன்னு நின்னது. மூணாம் நாள் மெடிக்கலில் வாங்கின டியூபைப் புரட்டிப் பார்த்தால் குளோபெட்டசால். அதைவிடப் பல மடங்கு வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கலந்தது. வைரஸுக்கு மட்டும் அதில் ஒன்னும் இல்லை.

வைரஸைத் தடுக்க மருந்து இல்லாமல் வீரியமான ஸ்டீராய்டை மட்டும் தடவுவது, திருடன் நுழைந்த வீட்டில் நாயைக் கட்டிப் போடுகிற வேலை.

9/
2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை 'அட்டவணை ஹெச்' பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அந்தச் சட்டம் காகிதத்தில் இருக்கு, டியூப் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கு. படர்தாமரைக்கும் அதே டியூப், கரப்பானுக்கும் அதே டியூப், முகம் வெளுக்கவும் அதே டியூப்.

மெடிக்கல் வைத்திருக்கும் நண்பர்களே, கோபப்படாதீங்க. கர்ப்பிணிக்குக் கொப்புளம்னு யாராவது வந்தால் நீங்க செய்ய வேண்டிய ஒரே சேவை, "டியூப் தரமாட்டேன், இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்பதுதான்.

10/
இப்போ முக்கியமான கேள்வி. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இந்த நோயில் கொடுத்தே ஆகணும்.

இந்த மருந்து உருவான ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானி. 1988-ல் நோபல் பரிசு வாங்கினவர். மருந்தின் அழகு என்னன்னா, உள்ளே போனதும் அது தூங்கிட்டிருக்கும். ஹெர்பிஸ் வைரஸிடம் உள்ள ஒரு நொதிதான் அதை எழுப்பும். அதனால் வைரஸ் புகுந்த செல்லில்தான் முக்கியமாக வேலை செய்யும். நல்ல செல்லை அநேகமாகச் சீண்டாது.

11/
"தத்துவம் சரி, கணக்கு இருக்கா?"

இருக்கு. 1984 முதல் 1999 வரை, கர்ப்பத்தில் அசைக்ளோவிர் எடுத்த பெண்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்துக் கண்காணித்தாங்க. 1,200-க்கு மேற்பட்ட கர்ப்பங்கள். பிறவிக் குறைகள் வழக்கத்தைவிடக் கூடவில்லை.

அப்புறம் டென்மார்க். 1996 முதல் 2008 வரை பிறந்த 8,37,795 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தாங்க. முதல் மூணு மாசத்தில் இந்த வகை வைரஸ் மருந்துகள் எடுத்த தாய்மார் 1,804 பேர். அவங்க குழந்தைகளில் பெரிய பிறவிக் குறை 2.2 சதவீதம். மருந்தே எடுக்காதவங்க குழந்தைகளில் 2.4 சதவீதம். ஆய்வு 2010-ல் வெளியானது.

அதாவது நாம் 'எதையுமே தொடாதே'ன்னு அலறுகிற அந்த முதல் மூணு மாசத்தில்கூட வித்தியாசம் இல்லை.

12/
மருந்து கிடைக்காத அபூர்வமும் இல்லை. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் தேசியப் பட்டியலில் மாத்திரையாகவும் ஊசியாகவும் இருக்கு.

மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும்னும் பார்க்கணும் இல்லையா? வைரஸ் கண்ணுக்குப் போனால் கருவிழியில் தழும்பு. புண்களில் பாக்டீரியா ஏறினால் ரத்தத்தில் நஞ்சு. அபூர்வமாக வைரஸ் கல்லீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதற்குக் கர்ப்பமே ஒரு கூடுதல் காரணம். விடாத காய்ச்சலில் குறைப்பிரசவம்.

ஒரு தட்டில் இத்தனை. மறு தட்டில் கணக்கில் நிற்காத ஒரு பயம்.

13/
என் சக டாக்டர்களுக்கு இந்தப் பதிவு. கசக்கும்.

"நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் என் தலையில் விழும்." இதுதானே நம் மனசுக்குள்ளே ஓடுவது? எனக்கும் ஓடும். நூறு பிரசவத்தில் ரெண்டு மூணு குழந்தைக்கு யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு குறை இருக்கும். அந்த ரெண்டு மூணில் நம் சீட்டு இருந்திடக் கூடாதுன்னு கை பின்வாங்குது.

ஆனால் மருந்து கொடுக்காமல் அனுப்புவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். அதற்குச் சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணின் கண் போயிருந்தால் நாலாம் நாளும் அஞ்சாம் நாளும் பார்த்தவங்க பெயர் எங்கேயும் வந்திருக்காது.

14/
நான் கேட்பது சின்ன விஷயம். முதலில் பார்ப்பவர் முதல் டோஸைக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு ஃபோன் போடுங்க, ரெஃபர் பண்ணுங்க, ஸ்கேன் எடுங்க, சிறுநீரகம் பாருங்க, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்க.

பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸிமா ஹெர்பெட்டிகம் கண்ணால் பார்த்துச் சந்தேகப்பட்டதும் மருந்து தொடங்க வேண்டிய நோய். காய்ச்சல், பரவல், கண் பக்கம் புண் என்றால் வார்டில் சேர்த்து நரம்பு வழி மருந்து. கண் பக்கம் என்றால் அதே நாளில் கண் டாக்டர்.

சந்தேகக் குறியோடு ஆளை அனுப்பாதீங்க. மருந்தோடு அனுப்புங்க.

15/
இந்தக் கொப்புளம் எல்லாம் ஒன்னு கிடையாது. நம் ஊரில் எல்லாவற்றையும் 'அம்மை', 'அக்கி'ன்னு ரெண்டு பெயருக்குள் அடக்கிடுவோம். கர்ப்பிணிக்கு அந்த வித்தியாசம் முக்கியம். சுருக்கமாகச் சொல்றேன்.

சின்னம்மை: உடம்பு முழுக்க, புள்ளி, கொப்புளம், பொருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கலந்திருக்கும். கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரல் அழற்சி ஆகும் ஆபத்து அதிகம். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, 108-ஐ அழைங்க.

16/
சின்னம்மையும் குழந்தையும். இதில் பயம் எவ்வளவு நியாயமோ அவ்வளவு மட்டும் பயப்படணும்.

முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தால் குழந்தைக்குப் பிறவி பாதிப்பு 200-ல் ஒன்றுக்கும் குறைவு. 13 முதல் 20 வாரத்தில் சுமார் 2 சதவீதம். அதற்குப் பிறகு மிக மிக அபூர்வம். கருவைக் கலைத்துவிடுங்கன்னு பதறுகிற கணக்கு இது இல்லை. ஸ்கேனில் கவனமாகப் பார்க்கணும், அவ்வளவுதான்.

நிஜமான ஆபத்து கடைசியில் இருக்கு. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை போட்டால், பிறந்த குழந்தைக்கு அது கடுமையாக வரலாம். தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. மறைக்காமல் டாக்டரிடம் சொல்லணும்.

17/
சின்னம்மைக்கும் அதே அசைக்ளோவிர்தான். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். "மூணாம் தண்ணி ஊத்திட்டுப் போய்க்கலாம்"னு இருந்தால் அந்த நேரம் போயே போச்சு.

இன்னும் முன்னாடியே ஒரு வாய்ப்பு இருக்கு. இதுவரை அம்மை வராத கர்ப்பிணி, அம்மை போட்டவங்களோடு ஒரே வீட்டிலோ நெருக்கியடித்த தோட்ட ஜீப்பிலோ இருந்துட்டால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காதீங்க. அன்னைக்கே டாக்டரிடம் சொல்லுங்க. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லைன்னா, 10 நாளுக்குள் போடக்கூடிய தடுப்புப் புரதம் இருக்கு.

தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக் கூடாது. கல்யாணம் ஆகி, குழந்தைக்குத் திட்டமிடும் முன்னாடி போட்டுக்கணும், போட்டு ஒரு மாசம் இடைவெளி விடணும். இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை என்பதால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. நான் ஞாபகப்படுத்துறேன்.

18/
அக்கி: ஒரு பக்கமாக மட்டும், பட்டை போட்ட மாதிரி கொப்புளம், சுள்ளென்று வலி. முன்னால் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழுவது. தாயிடம் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பதால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து இல்லை. நிம்மதியாக இருங்க.

மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. நெற்றி, மூக்கு, கண் பக்கம் என்றால் உடனே. மண்பாண்டம் செய்கிற பெரியவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிடுங்க. காவி பூசின பிறகு அடியில் சீழ் பிடித்தாலும் எனக்குத் தெரியாது.

மரு, பாலுண்ணி: இதுவும் வைரஸ்தான். ஆனால் அவசரமே இல்லை, பிரசவம் முடியும்வரை விட்டாலும் ஒன்னும் ஆகாது. கடையில் வாங்கி எதையும் வைத்து எரிக்காதீங்க. போடோஃபிலின் வகை மருந்து கர்ப்பத்தில் கூடாது.

19/
கவனிச்சீங்களா? 'கூடாது'ன்னு நானும் சொல்றேன்.

கரப்பான், சொரியாசிஸ் உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தில் நிஜமாகவே ஆகாத மருந்துகள் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட், அசிட்ரெட்டின். அசிட்ரெட்டினை நிறுத்தி மூணு வருஷம் வரை கருத்தரிக்கவே கூடாது. இவற்றைப் பற்றி, கல்யாண வயதுப் பெண்ணுக்கு மருந்து எழுதும் அன்னைக்கே டாக்டர் சொல்லணும்.

'எல்லா மருந்தும் விஷம்'னு சொல்பவருக்கு இந்த மூணும் தெரியாது, அசைக்ளோவிரும் தெரியாது. ரெண்டையும் ஒரே தட்டில் வைப்பார். எது ஆகும், எது ஆகாதுன்னு பிரித்துச் சொல்வதற்குப் பெயர்தான் எச்சரிக்கை. மொத்தமாக வேணாம்னு சொல்ல எங்களுக்கு எதற்குப் படிப்பு?

20/
கரப்பான் உள்ள கர்ப்பிணிகள் சிகிச்சையை நிறுத்தாதீங்க.

ஈரப்பதக் களிம்பு தினம் ரெண்டு மூணு தடவை. விலை உயர்ந்தது வேண்டாம், வெள்ளை வாசலின் போதும். மிதமான, நடுத்தர வீரிய ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் சொன்ன அளவில் பாதுகாப்பானது. அதிவீரிய களிம்பை மாசக்கணக்கில் டியூப் டியூபாகப் போடுவதில்தான் குழந்தையின் எடை குறையும் சந்தேகம் இருக்கு. பயம் அங்கே இருக்கட்டும்.

வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் என்றால் கொஞ்சம் தள்ளி இருங்க. முத்தம் வேண்டாம், ஒரே துண்டு வேண்டாம், எச்சில் தம்ளர் வேண்டாம். ஒரு வாரம் கொஞ்சாமல் இருந்தால் மருமகன் கோவிச்சுக்க மாட்டான்.

21/
"அப்போ ஆத்தாவை நம்பாதேன்னு சொல்றீங்களா?"ன்னு கமெண்டில் வரும். இப்பவே பதில் சொல்லிடறேன்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் எனக்கும் கோயில்தான். முல்லையாத்தில் குளித்துட்டு ஈரத்துணியோடு தீச்சட்டி எடுக்கிறவங்களையும், அம்மை இறங்கினதுக்கு ஆயிரங்கண் பானை சுமக்கிறவங்களையும் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். அம்மை போட்டவரைத் தனியறையில் வைத்தது, மெல்லிய துணி உடுத்தியது, கண்ட ஆளை வீட்டுக்குள் விடாதது எல்லாம் மருந்தே இல்லாத காலத்தில் நம் பாட்டிகள் கண்டுபிடித்த நல்ல வழிகள்.

அன்னைக்கு மருந்து இல்லை, அதனால் வேண்டிக்கிட்டு மட்டும் இருந்தாங்க. இன்னைக்கு இருக்கு. மாத்திரை முழுங்கினால் ஆத்தா கோவிச்சுக்குவான்னு எந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கு?

22/
டாக்டர்களுக்கும் ஒன்னு. "அம்மைன்னு வேப்பிலை கட்டிட்டு உட்கார்ந்திருந்தீங்களா?"ன்னு அந்த அம்மாவைத் திட்டாதீங்க. திட்டினால் அடுத்த தடவை மறைப்பாங்க. வேப்பிலை தலைமாட்டில் இருக்கட்டும். அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் உடைந்த புண்ணில் பூசாமல் இருந்தால் போதும்னு சொல்லுங்க, கேட்பாங்க. என் அனுபவத்தில் கேட்காத குடும்பம் ரொம்பக் குறைவு. எங்கள் தயக்கம்தான் அவங்க பிடிவாதத்தைவிடப் பெரிய தடை.

23/
இதை மட்டும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க.

கரப்பான் உள்ள கர்ப்பிணிக்கு இதில் எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி:
▪ ஒரே மாதிரிக் கொப்புளங்கள் திடீரெனக் கூட்டமாக
▪ அரிப்பைவிட வலி அதிகம்
▪ கொப்புளத்தோடு காய்ச்சல், நெறி கட்டுதல்
▪ கண், மூக்கு பக்கம் புண்
▪ மூச்சு வாங்குதல், குழந்தை அசைவு குறைதல்
▪ வழக்கமான கரப்பான் களிம்புக்கு அடங்காமல் ஒரே நாளில் பரவுதல்

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். அசைக்ளோவிரையும் கடையில் கேட்டுத் தானாகச் சாப்பிடாதீங்க, அளவு நோய்க்கு நோய் மாறும். எங்கே போவதுன்னு தெரியாவிட்டால் 104-ல் கேளுங்க. கிராம சுகாதார நர்ஸிடமும் சொல்லுங்க, அவங்க விட மாட்டாங்க.

24/
டாக்டரிடம் போய், "மாசமா இருக்கு, மருந்து வேணாம்"னு பதில் வந்தால், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"சார், கொடுக்கலைன்னா எனக்கும் குழந்தைக்கும் என்ன ஆகும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர் சொல்வதைக் கேளுங்க. முடியாதவரிடமிருந்து எழுந்து வந்திடுங்க.

25/
அந்தப் பெண் என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க.

முதல் டோஸை என் முன்னாலேயே முழுங்க வைத்து, ஃபோன் பண்ணி, சீட்டில் நேரம் எழுதி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நரம்பு வழி மருந்து. மூணாம் நாள் காய்ச்சல் விட்டது. கண் டாக்டர் பார்த்ததில் கருவிழி தப்பிச்சிருந்தது. மயிரிழையில்தான். ஆடி கடைசியில் பிரசவம். பெண் குழந்தை, ரெண்டே முக்கால் கிலோ.

பார்வை இழந்த பாண்டிய மன்னனுக்குப் பார்வை திரும்பக் கிடைத்த இடம் வீரபாண்டின்னு தல வரலாறு சொல்லும். அங்கே போய்க் கண்மலர் சாத்திட்டு, குழந்தையோடு என் கிளினிக்குக்கும் வந்தாங்க. முழங்கை மடிப்பில் களிம்பு மினுமினுன்னு இருந்தது. நிறுத்தவில்லை.

"பால் கொடுக்கறதால நிறுத்தச் சொல்றாங்க சார், நிறுத்தணுமா?"ன்னு கேட்டாங்க.

வாக்கியம் கொஞ்சம் மாறியிருக்கு. சண்டை அதேதான். நிறுத்தாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.